பாறையில் குதித்த பக்கி: ஸ்பிரிங்கில் தேடிய கோளாறு லிங்க்கில் இருந்தது

## பின்னணி

கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் இருக்கிறது ஜான்சன் வேலி. வீட்டளவு கருங்கற்கள் உருண்டு அடைத்துக்கொண்ட குறுகலான பள்ளத்தாக்குகள், பக்கத்தில் மீன்ஸ் என்ற வறண்ட ஏரிப் படுகை. 2007 முதல் ‘கிங் ஆஃப் த ஹாமர்ஸ்’ பந்தயம் இங்கேதான் நடக்கிறது. ஸ்லெட்ஜ்ஹாமர், ஜாக்ஹாமர், சாக்லேட் தண்டர் என்று ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு பெயர். பந்தயம் இல்லாத மாதங்களில் வார இறுதிக்காரர்கள் வந்து அதே பாறைகளில் நிதானமாக ஏறி இறங்குவார்கள். இந்தப் பதிவில் வரும் உரிமையாளர் அந்த இரண்டாவது வகை.

அவரிடம் இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய இரண்டு இருக்கை பக்கி, அதாவது பாறை ஏறுவதற்கென்றே கட்டிய திறந்த வண்டி. 1.75 இன்ச் குழாயை வளைத்து வெல்டு வைத்த கூண்டுதான் சேசிஸ். வி8 இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர், முன்னாலும் பின்னாலும் லாரித்தனமான திட ஆக்சில்கள், 40 இன்ச் டயர், முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே 110 இன்ச் வீல்பேஸ். ஸ்டியரிங் முழுக்க ஹைட்ராலிக். நான்கு மூலையிலும் 16 இன்ச் ஓட்டமுள்ள காயில்ஓவர், அதாவது ஷாக் அப்சார்பரின் மேலேயே ஸ்பிரிங் மாட்டிய வகை. பின் ஆக்சிலை நான்கு லிங்க்குகள், அதாவது இரு முனையிலும் அசையும்படி போல்ட் போட்ட தண்டுகள், சேசிஸோடு பிடித்திருந்தன: கீழே இரண்டு, மேலே இரண்டு.

வேலையில் ஈடுபட்டவர்கள் நான்கு பேர்: உரிமையாளர், பட்டறை நடத்தும் வெல்டர், பாறையில் வண்டிக்கு முன்னால் நின்று கைகாட்டும் ஸ்பாட்டர், அளவும் கணக்கும் பார்த்த நான்.

## புகாரும், அதற்கு முன்பே நடந்த வைத்தியமும்

உரிமையாளர் சொன்ன புகார் மூன்று. செங்குத்தான படியில் ஏறும்போது பின்பக்கம் குதிக்கிறது. முன்பக்கம் தூக்குகிறது. பக்கவாட்டுச் சரிவில் வண்டி சாய்கிற சாய்வு பயமுறுத்துகிறது.

பட்டறைக்கு வருவதற்கு முன்பே அவர் ஒரு வைத்தியம் பார்த்திருந்தார். வாங்கும்போது பின்னால் இருந்தவை மென்மையான ஸ்பிரிங்குகள். சாய்வதற்கும் குதிப்பதற்கும் அவைதான் காரணம் என்று முடிவு செய்து, மேலே 200, கீழே 300 என்று கடினமான ஜோடியை மாட்டினார். இந்த எண்கள், ஸ்பிரிங்கை ஒரு இன்ச் அமுக்க எத்தனை பவுண்டு வேண்டும் என்பதைச் சொல்பவை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் அடுக்கினால் மொத்தக் கடினம் இரண்டையும்விடக் குறையும்; இரண்டையும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 200, 300 ஜோடிக்கு விடை 120.

வண்டி உயர்ந்துபோனது. 16 இன்ச் ஓட்டத்தில் ஷாக் 4 இன்ச் மட்டுமே உள்ளே இறங்கி நின்றது. உயரத்தைக் குறைக்க அவர் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் காலர் நட்டை மேலே ஏற்றிக்கொண்டே போனார். பட்டறையில் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பின்சக்கரத்தைத் தொங்கவிட்டபோது விளைவு தெரிந்தது. ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு 2 இன்ச் விலகிக் கிடந்தது. கையால் ஆட்டினால் கடகடவென்று ஆடியது; காலரின் ஓரம் தேய்ந்து அலுமினியம் பளபளத்தது.

குதிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

இது இந்தப் பொழுதுபோக்கில் அடிக்கடி பார்க்கிற விஷயம். ஸ்பிரிங்கை ஆர்டர் போட்டால் வீட்டுக்கு வந்துவிடும், ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம். லிங்க்கின் இடத்தை மாற்ற கிரைண்டரும் வெல்டரும் வேண்டும். எது சுலபமாகக் கழறுமோ அதன்மேல்தான் முதல் சந்தேகம் விழுகிறது.

## பாறையில் கண்டது

எதையும் கழற்றுவதற்கு முன், கோளாறு வருகிற இடத்திலேயே வண்டியைப் பார்க்க வேண்டும் என்று வெல்டர் சொன்னார். ஜான்சன் வேலியில், இடுப்பளவு உயரமுள்ள ஒரு கருங்கல் படியைத் தேர்ந்தெடுத்து, சக்கரம் போக வேண்டிய வழியைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டோம். மேலே நின்ற இன்னொரு வண்டியிலிருந்து வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் மோட்டார்) கயிறு ஒன்று பக்கியின் கூண்டில் எப்போதும் மாட்டியிருந்தது. சோதனை ஓட்டம் எல்லாவற்றிலும் இந்தக் கயிறு இருந்தது, ஓட்டுபவர் ஹெல்மெட்டும் ஐந்து முனை பெல்ட்டும் போட்டிருந்தார்.

முதல் சந்தேகம் டயர் காற்று. 12 பி.எஸ்.ஐ. இருந்தது. இந்த எடைக்கு அது அதிகம். இறுகிய டயர் பாறையில் பந்துபோலத் துள்ளும். 8-க்கு இறக்கினோம். பிடிப்பு கூடியது, குதிப்பும் கொஞ்சம் தணிந்தது, ஆனால் போகவில்லை. அதன்பின் கடைசிவரை 8-ஐ மாற்றவே இல்லை.

செல்போனில் மெதுவாக ஓடவிட்ட படத்தில் வரிசை தெளிவாகத் தெரிந்தது. ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும், முதலில் நடந்தது டயர் சுழல்வது அல்ல. பின்பக்கக் கூண்டு ஆக்சிலை விட்டு மேலே எழும்பியது. ஷாக் முழு நீளத்துக்கும் நீண்டு முட்டியது. அந்த நொடியில் டயர் பிடிப்பை விட்டுச் சுழன்றது. கூண்டு கீழே விழுந்தது, டயர் மறுபடி கவ்வியது, கூண்டு மறுபடி எழும்பியது. படியின் முகத்தில் ரப்பர் தடம் ஒரே கோடாக இல்லாமல் விட்டுவிட்டு விழுந்திருந்தது, ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம்.

ஸ்பிரிங் மென்மையாக இருந்து வருகிற குதிப்பு என்றால், கூண்டு முதலில் பின்னால் அமுங்கியிருக்க வேண்டும். இங்கே அது எழும்புகிறது. சக்கரத்தைத் திருப்பும் விசையே கூண்டைத் தூக்குகிறது என்றால், அதைக் கடத்துவது லிங்க்குகள்தான்.

இன்னொரு தடயம் பின் ஜாயின்ட் ஷாஃப்டில், அதாவது ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் சுழல் தண்டில், கிடைத்தது. பினியன் (அந்தத் தண்டு வந்து சேரும், ஆக்சிலின் பல்சக்கரம்) பக்கத்தில், கிராஸ் என்ற மடங்கும் இணைப்பு மாட்டும் கவையில் உலோகம் உரசிய பளபளப்பான தழும்பு. ஆக்சில் தொங்கும்போது பினியன் அளவுக்கு மீறித் திரும்புகிறது என்பதற்கு அடையாளம். அந்த நேரத்தில் அதைக் குறித்து மட்டும் வைத்துக்கொண்டோம்.

## எடையும் உயரமும்

பட்டறையில் முதல் வேலை எடை. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி எடை மேடை வைத்து, ரசமட்டம் பார்த்து மட்டமாக்கி, ஓட்டுபவரை உட்காரவைத்து, டேங்க்கில் பாதி பெட்ரோலோடு எடுத்த அளவு: மொத்தம் 4,400 பவுண்டு, ஏறக்குறைய 2,000 கிலோ. முன்னால் 2,380, பின்னால் 2,020.

இதில் ஆக்சில், சக்கரம், டயர் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. முன்னால் 1,000, பின்னால் 860 பவுண்டு. ஆக ஸ்பிரிங்குகள் தாங்க வேண்டியது முன்னால் 1,380, பின்னால் 1,160 மட்டுமே. உரிமையாளர் வாங்கிய ஸ்பிரிங், இதே அளவு டயர் போட்ட, ஆனால் இதைவிடக் கனமான ஒரு வண்டிக்குச் சரியாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார்.

அடுத்து எடைமையத்தின் உயரம். ஷாக்குகளைக் கழற்றி, அவற்றின் இடத்தில் வெட்டிய இரும்புக் குழாய்களைப் போல்ட் போட்டு சஸ்பென்ஷனை அசையாமல் பூட்டினோம். குழாயின் நீளம் முக்கியம். வண்டி வந்த உயரத்துக்கு வெட்டாமல், அது நிற்க வேண்டிய உயரத்துக்கு, அதாவது ஷாக்கின் 16 இன்ச்சில் பாதி உள்ளே இறங்கிய நிலைக்கு வெட்டினோம். பாறை ஏறும் வண்டிக்குச் சக்கரம் மேலே போகவும் கீழே தொங்கவும் சம இடம் இருப்பது நல்ல தொடக்கம். பிறகு தேவைப்பட்டால் ஒரு பக்கம் தள்ளலாம்.

பூட்டிய வண்டியின் பின்சக்கரங்களை 30 இன்ச் தூக்கியபோது முன் எடை மேடைகளில் 215 பவுண்டு கூடியது. பின்னால் தூக்கினால் எடை எவ்வளவு முன்னால் ஓடுகிறதோ, எடைமையம் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டால் ஆக்சில் மட்டத்துக்கு மேல் 19 இன்ச், தரையிலிருந்து 38.

## லிங்க்குகளை வரைந்து பார்த்தது

ஒவ்வொரு லிங்க் போல்ட்டிலிருந்தும் தூக்குக் குண்டு தொங்கவிட்டு, தரையில் புள்ளி வைத்து, உயரத்தை டேப்பால் அளந்தோம். பக்கவாட்டில் பார்த்தால், கீழ் லிங்க் ஆக்சில் முனையில் தரையிலிருந்து 18 இன்ச், 36 இன்ச் முன்னால் இருக்கும் சேசிஸ் முனையில் 22. மேல் லிங்க் ஆக்சில் முனையில் 26, 32 இன்ச் முன்னால் சேசிஸ் முனையில் 25. கீழ் லிங்க் முன்னோக்கி ஏறுகிறது, மேல் லிங்க் முன்னோக்கி இறங்குகிறது.

இதை ஒரு ப்ளைவுட் பலகையில் அளவு குறைத்து வரைந்தோம். இரண்டு லிங்க்குகளையும் கோடாக நீட்டினால் ஆக்சிலுக்கு 56 இன்ச் முன்னால், 24 இன்ச் உயரத்தில் வெட்டிக்கொள்கின்றன. பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்த வெட்டுப்புள்ளி வழியாகக் கோடு இழுத்து, முன் ஆக்சிலுக்கு நேர் மேலே எந்த உயரத்தில் போகிறது என்று பார்க்க வேண்டும். 47.5 இன்ச்சில் போனது.

எடைமையம் 38-இல் இருக்கிறது. 47.5-ஐ 38-ஆல் வகுத்தால் 125 சதவீதம். இதைத்தான் ஆன்டி-ஸ்குவாட் என்கிறார்கள். 100 என்றால், வண்டி முன்னே உந்தும்போது பின்னால் சாய்கிற எடையை லிங்க்குகள் சரியாகத் தாங்கிவிடுகின்றன. பின்பக்கம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. 100-க்குக் கீழே கொஞ்சம் அமுங்கும். 100-க்கு மேலே போனால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் லிங்க்குகள் கூண்டைத் தூக்கும். படத்தில் பார்த்தது அதுதான். இதில் கடினமான ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லை. வண்டியை உயர்த்தி, ஷாக்குக்கு நீள மிச்சமிருந்த இடத்தைக் குறைத்து, அது சீக்கிரம் முட்டும்படி செய்ததுதான் மிச்சம்.

முன்பு கட்டியவர் ஏன் இப்படி வைத்தார் என்பதும் வண்டியைப் பார்த்தால் புரியும். வயிற்றுப்பக்கம் பாறையில் மாட்டாமல் இருக்கக் கீழ் லிங்க்கின் முன்முனையை உயர்த்தியிருக்கிறார். இருக்கைக்குப் பின்னால் ஒரு குறுக்குக் குழாய் போகிறது. அதனால் மேல் லிங்க்கை உயர்த்த முடியாமல் விட்டிருக்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நியாயம்தான்.

## எதை மாற்றுவது: முதல் முடிவு

மூன்று வழிகள் இருந்தன. கீழ் லிங்க்கின் முன்முனையை இறக்கலாம். ஆனால் அது படியின் விளிம்பில் முதலில் மாட்டும் பாகமாகிவிடும். உடனே தள்ளினோம்.

இரண்டாவது, ஸ்பாட்டர் சொன்னது. ஆக்சில் முனையில் மேல், கீழ் லிங்க்குகளுக்கு நடுவே டயர் உயரத்தில் கால்பங்கு இடைவெளி வேண்டும் என்று பக்கி கட்டுபவர்களிடையே ஒரு சூத்திரம் புழங்குகிறது. 40 இன்ச் டயருக்கு 10 இன்ச். இங்கே இருந்தது 8. ஆகவே மேல் லிங்க்கின் ஆக்சில் முனையை 28-க்கு உயர்த்தலாம் என்றார். பலகையில் வரைந்தால் 139 சதவீதம் வந்தது. அந்தச் சூத்திரம் லிங்க்குகளில் விழும் விசையைக் குறைப்பதற்கானது, அந்த அளவில் சரியானதே. சேசிஸ் முனை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் அதை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் குதிப்பு இன்னும் மோசமாகியிருக்கும்.

மூன்றாவது, மேல் லிங்க்கின் சேசிஸ் முனையை உயர்த்துவது. குறுக்குக் குழாயை வெட்டி, வளைத்து, முக்கோணத் தகடு வைத்து மறுபடி வெல்டு வைக்க வேண்டும். வேலை அதிகம். இதைத்தான் எடுத்தோம். கால் இன்ச் தகட்டில் 1.25 இன்ச் இடைவெளியில் மூன்று துளை போட்ட பிராக்கெட் ஒன்றை வெல்டர் செய்தார். கீழ்த்துளை பழைய இடம், 25 இன்ச். நடுத்துளை 26.25. மேல்துளை 27.5. ஆன்டி-ஸ்குவாட் முறையே 125, 100, 74 சதவீதம்.

பழைய துளையையும் ஏன் வைக்க வேண்டும் என்று உரிமையாளர் கேட்டார். மாற்றம் வேலை செய்கிறதா என்று ஒரே நாளில், ஒரே படியில், போல்ட்டை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்றால் பழையதும் இருக்க வேண்டும் என்று வெல்டர் சொன்னார். அவர் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. நினைவில் இருக்கும் பழைய வண்டியோடு புதிய வண்டியை ஒப்பிட்டால் புதியதுதான் எப்போதும் ஜெயிக்கும், காசு செலவழித்தது அதற்குத்தானே.

துளை மாறும்போது பினியன் கோணமும் மாறும். லிங்க் முனையிலுள்ள மரையைத் திருகி ஒவ்வொரு முறையும் சரிசெய்தோம். இங்கே எதிர்பாராத லாபம் ஒன்று. மேல்துளையில் லிங்க் கோடுகள் வெட்டும் புள்ளி 56 இன்ச்சிலிருந்து 125 இன்ச்சுக்குத் தள்ளிப்போனதால், ஆக்சில் 8 இன்ச் தொங்கும்போது பினியன் திரும்பும் அளவு 8 டிகிரியிலிருந்து 4-க்கும் கீழே வந்தது. கவையில் இருந்த தழும்புக்குக் காரணமும் கிடைத்தது, மருந்தும் அதே வேலையில் முடிந்தது.

## சோதனை: துளைகள் மட்டும்

பழைய கடின ஸ்பிரிங்கோடேயே அதே படிக்குப் போனோம். கீழ்த்துளையில் பழைய குதிப்பு அப்படியே வந்தது. நடுத்துளையில் நிதானமாக மிதித்தால் ஏறியது, விட்டு அழுத்தினால் குதித்தது. மேல்துளையில் குதிப்பு இல்லை. பாறையில் ரப்பர் தடம் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக விழுந்தது.

ஆனால் மூக்கு தூக்கியது. முன்பைவிட அதிகமாக. பின்பக்கம் எழும்பாததால் கூண்டு பின்னால் சாய்கிற கோணம் கூடிவிட்டது. முன் ஸ்பிரிங்குகள் எடை குறையக் குறைய நீண்டு, மூக்கை இன்னும் மேலே தள்ளின. ஒரு தடவை முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டன, வின்ச் கயிறு இறுகிப் பிடித்தது. உரிமையாளர் இறங்கிவந்து, குதிக்கிற வண்டியே தேவலை என்றார். அவர் சொன்னது முழுக்க வேடிக்கை இல்லை. குதிக்கிற வண்டி ஏறாது, அவ்வளவுதான். மூக்கு தூக்குகிற வண்டி கவிழும்.

## ஸ்பிரிங்குகள்

இப்போதுதான் ஸ்பிரிங்கின் முறை. கணக்கில் பலரும் விடுகிற ஒன்று ஷாக்குக்குள் இருக்கும் நைட்ரஜன். தண்டின் விட்டம் 7/8 இன்ச், பரப்பு 0.6 சதுர இன்ச். 200 பி.எஸ்.ஐ. அடைத்தால் ஒவ்வொரு ஷாக்கும் தானாகவே 120 பவுண்டு வெளியே தள்ளும். ஸ்பிரிங் மென்மையாக ஆக ஆக, வண்டியின் உயரத்தில் இந்தத் தள்ளலின் பங்கு பெரிதாகும்.

பின்னால் ஒரு மூலைக்கு 580 பவுண்டு. ஷாக் 20 டிகிரி சாய்ந்திருப்பதால் அது தாங்க வேண்டியது 617. நைட்ரஜனை 150-க்கு இறக்கினோம்; 90 பவுண்டை அது பார்த்துக்கொள்ளும், மிச்சம் 527 ஸ்பிரிங்குக்கு. மேலே 100, கீழே 200 ஜோடியின் மொத்தம் 66.7. வகுத்தால் 7.9 இன்ச். காலரைக் கால் இன்ச் இறக்கிப் பிடிக்கவைத்ததால், ஷாக் 7.7-இல் நின்றது, சக்கரம் முழுதாகத் தொங்கினாலும் ஸ்பிரிங் இருக்கையை விடவில்லை. முன்னால் 150, 200 ஜோடி, 7.5 இன்ச்சில் நின்றது.

அழுத்தத்தை 150-க்குக் குறைத்தது பாறையில் ஊர்கிற வண்டிக்கு மட்டும் பொருந்தும். பாலைவன மணல் மேடுகளில் வேகமாகப் போகிற வண்டியில் ஷாக் எண்ணெய் நுரைத்துவிடும்.

வண்டியைக் குறுக்காக முறுக்கி, தொங்கும் பின்சக்கரத்துக்கடியில் எடை மேடை வைத்துப் பார்த்தோம். கடின ஸ்பிரிங்கில் தொங்கும் சக்கரம் 810, அமுங்கிய சக்கரம் 1,210. புதியதில் 850-உம் 1,170-உம். வெறும் 40 பவுண்டு வித்தியாசம். ஆக்சிலும் டயரும் இவ்வளவு கனமாக இருக்கும்போது தொங்கும் சக்கரத்தின் எடையில் பாதி அதன் சொந்த எடைதான். ஸ்பிரிங்கால் அதற்கு மேல் பெரிதாகச் செய்ய முடியாது. ஸ்பிரிங்குக்குச் செலவழித்த பணத்தின் பலன் இங்கே இல்லை. வண்டி தாழ்ந்ததிலும், ஷாக்கின் நடுவில் நின்றதிலும்தான் இருந்தது.

## மூக்கும் சாய்வும்

முன்பக்கம் எழும்புவதைத் தடுக்க, முன் ஆக்சிலின் நடுவிலிருந்து கூண்டுக்கு ஒரு நைலான் பட்டை கட்டினோம். நடுவில் கட்டியதற்குக் காரணம் உண்டு. ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் தொங்கும்போது ஆக்சிலின் நடுப்பகுதி அதிகம் அசையாது, ஆகவே பட்டை குறுக்கிடாது. இரண்டும் சேர்ந்து தொங்கினால் மட்டும் இறுகும். கூடவே நான்கு சக்கர ஏ.டி.வி.க்கு வருகிற சின்ன வின்ச் ஒன்றைக் கூண்டில் வைத்து, கப்பி வழியாகக் கயிறைச் செலுத்தி முன் ஆக்சிலில் கட்டினோம். செங்குத்தான படிக்கு முன்னால் ஓட்டுபவர் சுவிட்சை அழுத்தி மூக்கைக் கீழே இழுத்துக்கொள்ளலாம். ஏறி முடித்ததும் விட்டுவிட வேண்டும். மறந்தால் முன் சஸ்பென்ஷன் வேலையே செய்யாது.

பக்கச் சாய்வு, எதிர்பார்த்தபடியே, கூடியது. மென்மையான ஸ்பிரிங் போட்டால் கூடத்தான் செய்யும். தாழ்ந்த உயரம் அதில் ஒரு பங்கைத்தான் ஈடுகட்டியது. ஒரு சரிவில் கீழ்ப்பக்கப் பின் ஷாக் மெதுவாக அமுங்கிக்கொண்டே போய், மேல்பக்கச் சக்கரம் லேசானது. ஸ்பாட்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். கயிற்றைப் பிடித்துப் பின்னால் இறக்கினோம்.

இதற்கு இரண்டு மருந்து இருந்தது. ஒன்று, காயில்ஓவரின் ஸ்டாப் ரிங். மேல் ஸ்பிரிங் குறிப்பிட்ட அளவு அமுங்கியதும் அதைப் பூட்டிவிடும். அதன்பின் கீழ் ஸ்பிரிங் மட்டும் வேலை செய்வதால் 66.7 ஒரேயடியாக 200 ஆகும். நிற்கும் உயரத்திலிருந்து ஒன்றரை இன்ச்சிலேயே பூட்டும்படி முதலில் வைத்தோம். சாய்வு குறைந்தது, ஆனால் சின்னக் கல்லில் ஏறினாலும் அந்தப் பக்கம் கட்டைபோல முட்டிக் கூண்டை எதிர்ப்பக்கம் தள்ளியது. 4 இன்ச்சுக்கு நகர்த்தினோம். அந்த இடத்தில் அது சாய்வுக்கான மருந்தாக இல்லை, பெரிய இடியைத் தாங்குகிற பாதுகாப்பாக மட்டும் ஆனது.

மற்றது ஸ்வே பார், அதாவது கூண்டின் பக்கச் சாய்வைத் தடுக்கும் கம்பி. பின் ஆக்சிலில் மட்டும், முறுக்குக் கம்பி வகையில், கைகளில் பல துளைகள் உள்ள ஒன்று. முன்னால் வேண்டாம் என்று வெல்டர் பிடிவாதமாக இருந்தார். பாறையில் வழியைத் தேடிப் போவது முன்சக்கரங்கள், அவை தளர்வாக இருக்கட்டும், கூண்டின் சாய்வைப் பின்னால் பிடித்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். கைகளின் கடைசித் துளையில், அதாவது மிகத் தளர்வான நிலையில் தொடங்கி, அதே சரிவில் ஒவ்வொரு துளையாக உள்ளே கொண்டுவந்தோம். நடுவில் ஒரு துளையில் சரிவும் பயமின்றி கடந்தது, படியிலும் பின்சக்கரம் தூக்கவில்லை. அங்கே நிறுத்தினோம்.

ஷாக்குக்குள் எண்ணெய் ஓட்டத்தைத் தடுக்கும் மெல்லிய ஷிம் தகடுகள் கடைசி. ஸ்பிரிங் மென்மையானதால் திரும்பும் வேகத்தைத் தடுக்கும் பக்கத்தில் ஒரு தகடு குறைத்தோம். அமுங்கும் பக்கத்தைத் தொடவில்லை. இதைப் பற்றி நிறையப் பேசுவார்கள். நடை வேகத்தில் ஏறும் வண்டியில் ஷாக் தண்டு மிக மெதுவாக நகர்கிறது. மேலே சொன்னவை சரியில்லாத வண்டியை ஷிம் தகடு காப்பாற்றாது.

## விளைவு

அதே படியை வண்டி இப்போது குதிக்காமல் ஏறுகிறது. மூக்கு தூக்கும் இடத்தில் ஓட்டுபவர் வின்ச்சைப் பயன்படுத்துகிறார். வின்ச் இல்லாமலும் ஏறிப் பார்த்தார். பட்டை மட்டுமே போதுமானதாக இருந்தது, ஆனால் வசதியாக இல்லை. பின் கிராஸ் ஜாயின்ட்டில் புதிய உரசல் இல்லை. மேல்துளையிலேயே வைத்து ஓட்டுகிறார்.

அவருக்கு ஒரு வருத்தம் உண்டு. 20 டிகிரி சாய்வுப் பலகையில் ஒரு முன்சக்கரத்தை ஏற்றி, மற்ற சக்கரம் தூக்கும்வரை எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பது இந்தக் கூட்டத்தில் வழக்கம். போன தூரத்தை வீல்பேஸால் வகுத்து 1,000-ஆல் பெருக்குவார்கள். வாங்கிய புதிதில், மென்மையான ஸ்பிரிங்கில், இவர் வண்டி 112 இன்ச் ஏறி 1,020-ஐ ஒட்டி எடுத்திருந்தது. இப்போது ஸ்வே பாரோடு 96 இன்ச், 870-ஐ ஒட்டி. அந்தப் பழைய எண்ணை அவர் நண்பர்களிடம் நிறையச் சொல்லியிருந்தார். ஸ்வே பாரைக் கழற்றினால் திரும்ப வந்துவிடும் என்று வெல்டர் சொன்னதற்கு, கழற்ற வேண்டாம் என்றார்.

வேகத்தில் வண்டி முன்பைவிட மோசம். பாறைத் தடங்களுக்கு நடுவே உள்ள மணல் பாதையில் ஷாக் சீக்கிரம் சூடாகிறது, மேடுகளில் அமுங்கி முட்டுகிறது. அங்கே மெதுவாகப் போக வேண்டும் என்பதை உரிமையாளர் ஏற்றுக்கொண்டார். பந்தயத்துக்கு இந்த அமைப்பு உதவாது.

## மறுபடி செய்தால்

எடை மேடை முதலில். இந்த வண்டிக்கு வாங்கிய கடின ஸ்பிரிங் ஜோடி முழுக்க வீண்செலவு; நான்கு மூலை எடையும் தெரிந்திருந்தால் யாரும் அதை வாங்கியிருக்க மாட்டார்கள்.

பல துளைப் பிராக்கெட்டை வண்டி கட்டும்போதே வைத்துவிடலாம். தகடு கொஞ்சம் பெரிதாகும், கூடுதலாக நான்கு துளை போட வேண்டும், அவ்வளவுதான். பிறகு வைப்பதென்றால் இங்கே நடந்ததுபோலக் குழாயை வெட்ட வேண்டிவரும். முன் ஆக்சிலின் லிங்க்குகளை இந்தத் தடவை அளக்கவே இல்லை, புகார் பின்னால் என்பதால். ஏறும்போது முன்சக்கரங்களும் இழுக்கின்றன, அவற்றின் லிங்க் கோணமும் மூக்கு தூக்குவதில் பங்கு வகிக்கும். வின்ச்சும் பட்டையும் வாங்குவதற்கு முன் அதையும் பலகையில் வரைந்திருக்கலாம் என்பது என் கருத்து. வெல்டர் ஒத்துக்கொள்ளவில்லை, எப்படி வரைந்தாலும் இந்த உயரமுள்ள படிக்கு வின்ச் வேண்டும் என்கிறார்.

சோதனை வரிசையில் ஒன்று மாறும். மேல்துளைக்குப் போவதற்கு முன்பே முன்பட்டையைக் கட்டிவிட வேண்டும். பின்பக்கத் தூக்கலைக் குறைத்தால் மூக்கு எழும்பும் என்பது வரைந்தபோதே தெரிந்ததுதான்; கயிறு இருந்ததால் யாருக்கும் அடிபடவில்லை.

நைலான் பட்டை இழுபடும். கட்டும்போதே ஒரு இன்ச் குறைத்துக் கட்டியிருந்தோம். சில மாதம் கழித்து வண்டி பட்டறைக்கு வந்தபோது அந்த ஒரு இன்ச்சும் போயிருந்தது, முன் ஷாக் பட்டைக்கு முன்பே முட்டத் தொடங்கியிருந்தது. புதுப் பட்டை மாட்டி, முழுதாகத் தொங்கும் நிலையில் ஷாக் தண்டில் பெயின்ட் கோடு ஒன்று போட்டு அனுப்பினோம். கோடு தாண்டி வெளியே வந்தால் பட்டையை மாற்ற வேண்டும்.